பயிற்சியும் கைமுதலும்

சிறுதொழில் தொடங்குவோருக்கும் நடத்துவோருக்கும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் வகுத்துள்ள பயிற்சி, ஸ்வீடன் தேசத்து முதலாளிகள் சங்கம் 1970-களில் தயாரித்த பாடங்களிலிருந்து கிளைத்ததாகும். கொள்முதல், சரக்கிருப்பு, கணக்கு, அடக்கவிலை ஆகியவற்றை அது போதிக்கிறது.

அடக்கவிலையே நமக்கு முதலில் வேண்டிய பாடம். நூல் விலையையும் சாயக்கூலியையும் நாம் மறவாது கூட்டுகிறோம். தார் சுற்றும் மனைவியின் உழைப்பையும், வயலில் வீட்டார் களையெடுத்த கூலியையும் விட்டுவிடுகிறோம். இலாபமென்று மகிழ்வது பல சமயம் அந்தக் கூலியே.

ஆயினும் இலங்கை அனுபவம் நம்மை நிதானிக்கச் செய்கிறது. 2009-இல் கொழும்பு, கண்டிப் பகுதிப் பெண்களுக்கு இப்பயிற்சியை அளித்துப் பொருளியல் ஆய்வாளர் பலனை அளந்தனர். புதிதாகத் தொழில் புகவிருந்தோர் விரைந்து தொடங்கினர், இலாபமும் கண்டனர். முன்னரே தொழில் நடத்தியோரில் பயிற்சி மட்டும் பெற்றவர்களது நடைமுறை திருந்தியது, வருவாய் உயரவில்லை. 15,000 ரூபாய் மானியமும் பெற்றோருக்கு இலாபம் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அதுவும் மறைந்தது.

சான்றிதழை மாட்ட நம் வீடுகளில் சுவருக்குக் குறைவில்லை. வகுப்பு முடிந்த மாதமே சங்கம் நூலுக்கும் விதைக்கும் கடன் வழங்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலும் அங்கத்தினரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஒருவரை அனுப்ப வேண்டும்.