பாறசாலைச் சாலையில் இருசக்தி மோட்டார் கார்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்தினின்று ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்யாற்றின்கரையும், 30 கிலோமீட்டர் தொலைவில் பாறசாலையும் உள்ளன. அதையடுத்துக் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தது; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லை எங்கே வகுக்கப்பட்டிருப்பினும், இருபுறத்துச் சிற்றூர்களிலிருந்தும் உத்தியோகத்திற்காக நகரம் செல்வோர்க்குச் சாலை ஒன்றே. நெய்யாற்றின்கரைவாசி நாள்தோறும் போய்வருவது 40 கிலோமீட்டர். பாறசாலைவாசிக்கு அது 60 கிலோமீட்டர். பிளக்-இன் ஹைப்ரிட் எனப்படும் காரை மதிப்பிடுவோர் இந்த 20 கிலோமீட்டர் வேறுபாட்டை முதற்கண் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சாதாரண ஹைப்ரிட் காரில் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயங்குகின்றன. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியின் ஒரு பகுதியை மோட்டார் மின்சாரமாக மாற்றிப் பாட்டரியில் சேமிக்கிறது. ஆயினும் அதன் சக்தி முழுவதும் முதலில் பெட்ரோலிலிருந்து வந்ததே. பிளக்-இன் வகையிலோ பாட்டரி பெரியது. அதை வீட்டு மின்சாரத்தால் நிரப்பலாம். அது தீரும்வரை பெரும்பாலும் மின்சாரத்தாலும், தீர்ந்தபின் சாதாரண ஹைப்ரிட் போலவும் கார் ஓடும். 2008-இல் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் இவ்வகைக் காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. இந்தியாவில் இதுவரை வந்தவை சிலவே; அவையும் விலை மிகுந்தவை.

மின்சாரம் நிரப்பி ஓட்டும் வண்டி இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. நெய்யாற்றின்கரையை அடுத்த ஆறாலுமூட்டிலுள்ள கேரள அரசின் கேரளா ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 2019-இல் ‘நீம்-ஜி’ என்னும் மின்சார ஆட்டோரிக்‌ஷாவை வெளியிட்டது. ஒரு முறை நிரப்பினால் 100 கிலோமீட்டர் ஓடும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அவ்வண்டியில் பாட்டரி தீர்ந்தால் பயணமும் நிற்கும். ஆகவே ஓட்டுபவர் நிரப்ப மறப்பதில்லை. இருசக்திக் காரில் அந்தக் கட்டாயம் இல்லை. அதன் வசதியும் இதுவே, வினையும் இதுவே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மின்சாரத்தால் 45 கிலோமீட்டரும், பின்னர் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் பெட்ரோலிலும் ஓடும் கார் ஒன்றைக் கொள்க. நெய்யாற்றின்கரைவாசி இரவுதோறும் பாட்டரியை நிரப்பினால் அவருக்குப் பெட்ரோல் செலவே இல்லை. பாறசாலைவாசிக்குக் கடைசி 15 கிலோமீட்டர் பெட்ரோலில் கழியும். செலவு நாளொன்றுக்கு 0.9 லிட்டர், அதாவது 100 கிலோமீட்டருக்கு 1.5 லிட்டர். அவரே பாட்டரியை நிரப்பாது விட்டால் நாள்தோறும் 3.6 லிட்டர் செலவாகும். அத்துடன் பயன்படாத பெரிய பாட்டரியின் எடையையும் கார் சுமந்து திரியும். ஒரே கார், ஒரே சாலை; விடைகளோ மூன்று.

விற்பனைத் தாளில் அச்சாகும் எண் இவற்றுள் எதுவுமன்று. பரிசோதனைச் சாலையில் இருநிலைகளிலும் காரை ஓட்டி, மின்சாரத்தில் ஓடும் தூரத்தின் பங்கு இவ்வளவு என்று ஓர் அனுமானம் செய்து, அதன்படி சராசரி கணிக்கின்றனர். அனுமானம் பிழைத்தால் எண்ணும் பிழைக்கும். 2021-இல் ஐரோப்பாவில் பதிவான கார்களில் அமைந்த அளவிகளின் பதிவுகளை ஆராய்ந்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் கார்கள் உண்மைச் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, பரிசோதனை அளவைப்போல் 3.5 மடங்கு என்று அதில் கண்டது. மக்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பாட்டரியை நிரப்பவில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம்.

மின்கட்டணத்தையும் ஆராய வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் எனக் கொண்டால், பாறசாலைவாசியின் கார் 25 வேலை நாட்களில் ஏறத்தாழ 200 யூனிட் கொள்ளும். 150 யூனிட் செலவிட்ட வீடு 350 யூனிட்டை எட்டும். கேரள மின்வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு விகிதங்களின்படி, மாதம் 250 யூனிட்டைக் கடந்த வீட்டிற்குப் படிப்படியான சலுகை கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் விதிக்கப்படும். எனவே காருக்கான மின்செலவு என்பது அந்த 200 யூனிட்டின் விலை மட்டுமன்று; மொத்தப் பில்லில் ஏற்படும் ஏற்றமே ஆகும். அப்படியும் பெட்ரோலைவிடச் செலவு குறையக்கூடும். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அன்று.

கரியமில வாயுவிலும் வியப்பான முடிவே கிடைக்கிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோகிராம் வெளியாகிறது. 18 யூனிட்டுக்கு 12.6 கிலோகிராம். 6 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 13.8 கிலோகிராம். வேறுபாடு சிறிது. கேரளத்தின் சொந்த உற்பத்தி பெரும்பாலும் நீர்மின்சாரமாயினும், தேவையின் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. கூரையில் சூரியத் தகடு அமைத்த வீட்டில் நிலைமை மேம்படும். ஆனால் வெயில் காயும் வேளையில் கார் நகரத்தில் அல்லவா நிற்கிறது!

உண்மையை அறிய ஒரு மாதக் குறிப்பு போதுமானது. பெட்ரோல் தொட்டியை முற்றிலும் நிரப்பித் தொடங்குக. மாத முடிவில் மீண்டும் நிரப்பி, ஊற்றிய லிட்டரைக் குறித்துக்கொள்க. காருக்குரிய மின்பிளக்கில் தனி மீட்டர் ஒன்றைப் பொருத்துக. பழைய வீடாயின் அதற்கு முன்னரே நில இணைப்பை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்தல் அவசியம். கடந்த தூரத்தைக் காரின் ஓட்டமானியிலிருந்து எடுக்கலாம். லிட்டரையும் யூனிட்டையும் ஒன்றாகக் கலவாது, 100 கிலோமீட்டருக்கு இவ்வளவு என இரண்டையும் தனித்தனியே எழுதுக. பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலில் குளிர்சாதனம் இயங்க நின்ற நேரமும் பாட்டரியைக் குறைக்குமாதலால், கோடையில் ஒரு மாதமும் மழைக்காலத்தில் ஒரு மாதமும் அளப்பது நலம். எட்டாம் வகுப்பு மாணவர்க்கு இக்கணக்கு எளிதே. நெய்யாற்றின்கரைப் பள்ளியொன்றும் பாறசாலைப் பள்ளியொன்றும் தத்தம் ஆசிரியர் ஒருவரது காரின் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளலாம்.