பெட்டகமும் பிரதியும்

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு, ஒரு பிரதியை உரியவர் கையில் கொடுத்து, ஒன்றைத் தமது கட்டிலே வைத்துக்கொண்டு, மற்றொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பி வைப்பது இலங்கையின் நெடுங்கால வழக்கம். அவ்வழக்கத்தின் மகிமையைக் கல்முனைக் கரையோரத்தார் உள்ளபடி அறிந்தது, 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்த பின்னர்தான். உறுதியையும் அதன் போட்டோப் பிரதியையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தவர்களுக்குப் பெட்டகத்தோடு இரண்டும் போயின.

இதே சங்கதி கணினி உலகில் வேறு வேஷத்தில் வருகிறது. ஷாய் பானன் என்பவர் 2010இல் வெளியிட்ட எலாஸ்டிக்சேர்ச் என்னும் தேடல் தரவுத்தளம், இலட்சக்கணக்கான பதிவுகளைக் கிளஸ்டர் எனப்படும் ஒரு சேர்வர்க் கூட்டத்துக்குள் பகிர்ந்து வைத்து, கேட்ட சொல் எங்கிருந்தாலும் கணப்பொழுதில் எடுத்துத் தருவது. ஒரு சேர்வர் விழுந்தாலும் வேலை நில்லாதபடி, ஒவ்வொரு பகுதியின் இரட்டையும் பிறிதொரு சேர்வரில் கிடக்கும். இரட்டை இருக்கையில் பக்கப் எதற்கு என்று திருப்தியடைவோர் பலர். ஆனால் தவறிப்போய் ஓர் அழித்தற் கட்டளை பிறந்தால் மூலமும் இரட்டையும் சேர்ந்தே மறையுமாதலால், அவை ஒரே பெட்டகத்துப் பிரதிகள்தாம். கிளஸ்டருக்கு வெளியே ஒரு களஞ்சியம் வகுத்து, காலந்தோறும் தரவின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட் எனப்படும் பிரதியாக எடுத்து அங்கே சேர்ப்பதே மெய்யான காப்பு.

அந்தக் களஞ்சியம்தான் அடிக்கடி சண்டித்தனம் பண்ணும். கல்முனைக்குடியில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் மூன்று சேர்வர்களை வீட்டிலிருந்தே பராமரிக்கிறார். இஷாவுக்குப் பின் ஒரு நாள் நான் போனபோது, களஞ்சியம் சரிபார்ப்பில் தவறிற்று என்ற வரி அவர் திரையில் நின்றது. சரிபார்ப்பு என்பது இதுதான்: தலைமைச் சேர்வர் களஞ்சியத்தில் ஒரு சிறு சோதனைக் கோப்பை எழுதும்; ஏனையவை அதைக் கண்டு, தாமும் ஒரு கோப்பு எழுதிக் காட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் நிராகரிப்புத்தான். ஆதலால், களஞ்சியத்தின் பாதை எல்லாச் சேர்வர்களின் அமைப்புக் கோப்பிலும் குறிக்கப்பட்டதா, குறித்தபின் அவை மறுபடி தொடக்கப்பட்டனவா, பகிர்ந்த டிஸ்க் யாவற்றிலும் ஒரே இடத்தில் இணைந்திருக்கிறதா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவர் பார்த்தாயிற்று.

“மூணு மெஷினிலயும் ஒரே யூசர் பேர்தான் காக்கா, பிறகென்ன?” என்று அலுத்துக்கொண்டவர், ‘ஐடி’ என்ற கட்டளையை ஒவ்வொன்றிலும் அடித்துப் பார்த்ததும் மௌனமானார். இரண்டில் யூசர் இலக்கம் 1000, மூன்றாவதில் 1001. என்எஃப்எஸ் முறையில் பகிர்ந்த டிஸ்க், சாதாரணமாக ஆளை இலக்கத்தைக் கொண்டுதான் அறியும். பெயர் அதற்குப் பொருட்டன்று. எங்கள் ஊரில் ஒரே பெயருடையவர் தெருவுக்கு நாலு பேர். எந்தக் குடி என்று விசாரித்துத்தானே நாமும் ஆளைத் தெரிந்துகொள்கிறோம்? இலக்கத்தைத் திருத்தி, அந்தச் சேர்வரிலிருந்த பழைய கோப்புகளின் உரிமையையும் மாற்றி, அதனை மீண்டும் எழுப்பியபின், சரிபார்ப்பில் மூன்று சேர்வர்களின் பெயரும் வரிசையாக வந்தன.

இதைவிடக் கொடிய கோளாறு ஒன்றுண்டு. இரண்டு கிளஸ்டர்கள் ஒரே களஞ்சியத்தில் எழுதப் புகுந்தால், ஒன்று அறியாமல் மற்றது களஞ்சியத்தின் உள்ளடக்கப் பேரேட்டைத் திருத்த, களஞ்சியம் பழுதாயிற்று என்று எலாஸ்டிக்சேர்ச் மேற்கொண்டு எழுத மறுத்துவிடும்; எழுதும் அதிகாரம் ஒன்றுக்கே இருக்க, மற்றதற்கு வாசிப்பு மாத்திரம் என்று பதிவுசெய்வதே பரிகாரம்.

இப்படி முரண்டு பிடித்து மறுக்கும் களஞ்சியம், பிரதி பத்திரமாக வெளியே இருக்கிறது என்ற பொய்த் திருப்தியில் நம்மை விடாததால், உபகாரியே என்பது என் அபிப்பிராயம். 2023 ஆகஸ்டில் லங்கா அரசாங்க கிளவுடைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியபோது, இணைப்பிலிருந்த காப்புப்பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டமையால், ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குரிய மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அங்கும் பிரதி பெட்டகத்துக்குள்ளேயே இருந்தது.

அன்றிரவு ஸ்னாப்ஷாட் வெற்றி என்று திரை சொன்னபின்பும் அந்த இளைஞர் எழும்பவில்லை. சுட்டி எனப்படும் பதிவுத் தொகுதிகளில் சிறியதொன்றை அதிலிருந்து வேறு பெயரில் மீட்டெடுத்து, மூலத்திலுள்ள பதிவுகளின் தொகையையும் மீட்டதன் தொகையையும் ஒரு துண்டுக் கடதாசியில் மேலும் கீழுமாக எழுதி ஒத்துப் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன.