இரைச்சலுக்குள் ஒரு குரல்



பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். டிராக்டர் ஓட்டுநர் ஒருவருக்குச் சரிவில் கால் நசுங்கிவிட்டது. உடனிருந்தவர், இயந்திரத்தை நிறுத்தவும் தோன்றாமல், அதன் பக்கத்தில் நின்றபடியே தொலைபேசியில் கத்தினார். "நாலாம் நம்பர்" என்று அவர் சொன்னது, அலுவலகத்தில் "ஆறாம் நம்பர்" என்று கேட்டது. வண்டி ஆறாம் நம்பர் காட்டுக்குப் போய்த் தேடிவிட்டுத் திரும்பியது. ஓட்டுநர் பிழைத்தார். ஆனால் அரை மணி நேரம் வலியில் துடித்தார்.

நாலாம், ஆறாம். இரண்டிலும் 'ஆ' என்னும் உயிர் ஒலி இருமுறை வருகிறது. அதுதான் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. மெய் ஒலிகள் இரைச்சலில் மூழ்கிவிட்டன. உயிர் ஒலி வலுவானது. மெய் ஒலி மெலிந்தது. ஆனால் சொல்லுக்குச் சொல் வேற்றுமை காட்டுபவை பெரும்பாலும் மெய் ஒலிகளே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் பேசிப் பதிவு செய்தேன். புஸ் என்ற காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. பந்தயக் காரில் போகிறவர் பேசுவது மட்டும் எப்படித் தெளிவாகக் கேட்கிறது?"

நல்ல கேள்வி அல்லவா? நம் சிலாங்கூர் மாநிலத்துச் செப்பாங்கில் 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தய ஓடுதளம் இருக்கிறது. 1999 முதல் 2017 வரை அங்கே 'பார்முலா ஒன்' பந்தயங்கள் நடந்தன. 2005ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனும் அங்கே கார் ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவரே. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் காரிலிருந்து, "பிரேக் பிடிக்கிறது" என்றோ "பிரேக் பிடிக்கவில்லை" என்றோ ஓட்டுநர் சொல்கிறார். சொல்லின் கடைசிப் பகுதி கெட்டுப் போனால் உயிருக்கே ஆபத்து.

காருக்குள் குரலுக்குப் பகைவர்கள் மூவர்: காற்று, அதிர்வு, இயந்திரம்.

இவற்றுள் இயந்திரத்தைப் பாருங்கள். நாலு சிலிண்டர் கொண்ட சாதாரணக் கார், நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் ஓடினால், ஒரு நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. அது தாழ்ந்த முழக்கம். தாழ்ந்த ஒலிகளை மட்டும் வடிகட்டி நீக்கினால் பேச்சு மிஞ்சும். ஆனால் 2005ஆம் ஆண்டின் பந்தயக் கார்களில் பத்து சிலிண்டர்கள். அந்த இயந்திரம் நிமிடத்திற்கு 18,000 சுற்றுகள் ஓடும்போது நொடிக்கு 1,500 வெடிப்புகள் உண்டாகும். நம் பேச்சைப் புரியவைக்கும் ஒலிகள் ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வுகள் வரை உள்ளவை. ஆக, அந்த இயந்திரத்தின் ஓலம் பேச்சின் நடுவீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது! வடிகட்டியால் அதை நீக்கினால் பேச்சும் சேர்ந்து போய்விடும்.

அப்படியானால் என்ன செய்வது?

முதல் வழி, நெருக்கம். ஒலி பிறக்கும் இடத்திலிருந்து தூரம் இரு மடங்கானால், அதன் வலு நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே ஒலிவாங்கியைக் காரின் முகப்பில் வைப்பதில்லை; தலைக்கவசத்துக்குள், உதட்டின் ஓரமாக, ஓர் அங்குலத்திற்கும் குறைவான தூரத்தில் வைக்கிறார்கள். வாய்க்கு நேரே வைத்தால் 'ப' என்று சொல்லும்போது மூச்சுக் காற்று அதில் மோதி வெடிக்கும். அதனால்தான் ஓரம். அதன் மேல் ஒரு சிறு நுரைப்பஞ்சு உறையும் உண்டு.

இரண்டாம் வழி, இருபுறமும் திறந்த ஒலிவாங்கி. ஒரு கதவை உள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் சம பலத்தோடு தள்ளினால் கதவு அசையாது. தூரத்திலிருந்து வரும் இரைச்சல், ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டை இருபுறமும் ஏறத்தாழச் சமமாகத் தள்ளுகிறது. தகடு அதிகம் அசைவதில்லை. உதட்டருகே பிறக்கும் குரலோ ஒரு புறத்தையே பலமாகத் தள்ளுகிறது. தகடு அதற்கு அசைகிறது. இந்த உத்தி தாழ்ந்த ஒலிகளுக்கே நன்றாகப் பயன்படும். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத் தலைக்கவசமும் அதன் உள்பஞ்சும் தடுக்கின்றன. ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கிறது.

தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஒலிவாங்கியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானிகளும் டாங்கிப் படையினரும் அதை அணிந்தார்கள். காற்றின் இரைச்சல் அதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் 'ஸ்' போன்ற ஒலிகள் தொண்டையில் அல்ல, வாயில் பிறப்பவை, அவை மங்கிவிடும்.

மூன்றாம் வழி, அளவு. பால் வாளி நிரம்பிய பிறகும் ஊற்றினால் வழிந்தது மண்ணுக்குத்தான். திரும்ப அள்ள முடியாது. ஒலிப்பதிவும் அப்படியே. அளவுக்கு மீறிய ஒலி ஏறினால் கரகரப்பாகிவிடும். பிறகு எந்த மருந்தும் இல்லை. தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பையும் நம்பக்கூடாது. பேச்சு நிற்கும் இடைவெளியில் அது இரைச்சலைத் தூக்கிவிடும். எனவே, இயந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஓட்டுநர் உரக்கப் பேச, அளவைக் கையால் குறைத்து வைக்க வேண்டும். கம்பி அதிராமல் கட்டப்பட வேண்டும். தீப்பொறி எழுப்பும் மின்கம்பிக்குப் பக்கத்தில் போகக்கூடாது. பதிவுக் கருவியைப் பஞ்சின் மேல் வைக்க வேண்டும். ஓட்டுநரும் எப்போதும் பேசுவதில்லை. சுக்கானிலுள்ள பொத்தானை அழுத்திய பிறகே சுருக்கமாகப் பேசுகிறார்.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். அவசரத்தில் தொலைபேசியை எடுக்கும்போது, முடிந்தால் முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கருவியை உதட்டோரம் வைத்துக் கத்தாமல் நிதானமாகச் சொல்லுங்கள். இடத்தின் பெயரை இருமுறை சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பந்தய ஓட்டுநர் காதில் அடைப்பான் இல்லாமல் காரில் ஏறுவதில்லை. ஆலையிலும், புல்வெட்டும் இயந்திரத்தோடும் நாள் முழுதும் வேலை செய்யும் நம் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் அதே காதுகள்தாம் இருக்கின்றன. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தால் செவி மெல்ல மெல்லக் கெடும், கெட்டது திரும்பாது. முதலில் கேட்காமல் போவது மெலிந்த மெய் ஒலிகள்தாம். பேரப்பிள்ளை சொல்வது காதில் விழும். என்ன சொல்கிறான் என்பது விளங்காது. ஆகவே காதடைப்பானைக் கேட்டு வாங்குங்கள்; வாங்கியதை அணியுங்கள்.