ஐந்தாம் தந்தி வேண்டுமா?

மைசூர் ராமாபுரத்து நம் இல்லங்களிலும் பிள்ளைகள் ஐந்து தந்தி மின் பேஸ் கிட்டார் கேட்கும் காலம் இது. தந்தியைக் கூட்டுவது மைசூர்ச் சீமைக்குப் புதிதன்று. திருமுக்கூடல் நரசீபுரத்துச் சௌடையா, ஒலிபெருக்கியற்ற சபையில் கடைசி வரிசைக்கும் நாதம் எட்டவேண்டி ஏழு தந்தி வயலின் வாசித்தவர் அல்லரோ!

பேஸ் கிட்டாரின் ஐந்தாம் தந்தியோ ஆழத்துக்காக வந்தது. நான்காம் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஐந்தாவது 31 முறைதான். வழக்கமான 34 அங்குல நீளத்தில் அவ்வளவு தாழ இறங்கத் தந்தி தடிக்க வேண்டும். மலிவான கருவி பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறது. தந்தி தளர்ந்து, நாதம் மங்கிவிடும்.

ஆகவே பளபளப்பில் மயங்கற்க. வீணைக்கு இருப்பதுபோல் இதற்கும் மெட்டுகள் உண்டு. ஐந்தாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். பின்னர் நான்காவதை விரல் வைக்காமல் மீட்டுங்கள். சுரம் ஒன்றே. முன்னது சோர்ந்து ஒலித்தால் அக்கருவி வேண்டாம். அதே விலைக்கு நல்ல நான்கு தந்திக் கருவி கிடைக்குமாயின் நாம் அதையே வாங்குவோம்.

கடைக்காரரின் பெரிய ஒலிபெருக்கியில் எதுவும் கம்பீரமாகத்தான் முழங்கும். வீட்டில் வைக்கப்போகும் சிறு பெட்டியில் கேட்ட பிறகே விலை பேசுங்கள்.