நெய் உறையும், கற்பூரம் மறையும்!
தீபமலை காட்டும் விஞ்ஞானம்

திருவண்ணாமலை அக்னி ஸ்தலம். நெருப்புத் தூணாக நின்ற சிவபெருமான் குளிர்ந்து மலையானார் என்பது ஸ்தல புராணம். 2,668 அடி உயரமுள்ள அந்த மலையின் உச்சியில், கொப்பரையில் நெய் வார்த்து, துணித் திரியிட்டு, கற்பூரம் வைத்துக் கார்த்திகை தீபம் ஏற்றுகிறார்கள். பொருள்கள் நிலை மாறும் விந்தையை அந்தக் கொப்பரையிலேயே காணலாம்.

நெய்யும் கற்பூரமும்

கார்த்திகைக் குளிரில் நெய் மணல் மணலாக உறையும். பலவகைக் கொழுப்புகளின் கலவை அது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உஷ்ணத்தில் உருகும். ஆகவே நெய் முதலில் இளகி, பிறகுதான் தெளியும். உருகிய நெய் திரியில் ஏறி, நுனியில் ஆவியாகிறது. சுடராக எரிவது அந்த ஆவியே!

கற்பூரத்தின் கதை வேறு. டப்பாவைத் திறந்து வைத்தால் வில்லை நாளுக்கு நாள் சிறுக்கும். ஒரு சொட்டு ஈரமும் இராது. திட நிலையிலிருந்து நேராக ஆவியாகிவிடுகிறது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர்.

உஷ்ணம் மட்டும் போதாது

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக்கே பொருந்தும். தீபமலை உச்சியில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் அதிகம். அங்கே கொதிக்கச் சுமார் 120 டிகிரி வேண்டும்.

உஷ்ணத்தைப் படுக்கைக் கோட்டிலும் அழுத்தத்தை நிமிர்ந்த கோட்டிலும் குறித்து, ஒரு பொருளுக்குப் படம் வரையலாம். அதில் திடம், திரவம், ஆவி ஆகிய மூன்றும் மூன்று நாடுகள் போல் எல்லை பிரிந்து நிற்கும். தண்ணீரின் படத்தில் மூன்று எல்லைகளும் கூடும் இடம் 0.01 டிகிரி. அழுத்தமோ, சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 166-ல் ஒரு பங்கு. அங்கே பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றும் ஒன்றாக இருக்கும்! எத்தனை நிலைகள் இப்படிச் சேர்ந்திருக்கலாம் என்பதற்கு விதி வகுத்தவர், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிப்ஸ். அவருடைய ஆராய்ச்சி 1875 முதல் 1878 வரை வெளிவந்தது.

உயிர் காக்கும் பாடம்

வாணலியில் நெய்யோ எண்ணெயோ தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நெய்யைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் இறங்கும். அந்தச் சூட்டில் நொடியில் நீராவியாகும். ஒரு படி தண்ணீர் சுமார் 1,600 படி நீராவியாக விரிந்து, எரியும் நெய்யை நாலாபுறமும் வாரி இறைக்கும்.

அடுப்பை அணையுங்கள். வாணலியை நகர்த்தாமல், தட்டுப் போட்டு மூடுங்கள். காற்று கிடைக்காவிட்டால் தீ தானே அடங்கும். தீபத் திருநாளில் தாய்மார்கள் மறக்கக்கூடாத விஷயம் இது.