உங்களுக்குத் தெரியுமா? வாஷிங் மெஷின் பேரிங்கில் ஓர் உலக சாதனை!

ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் மிக அதிக தூரம் சென்ற உலக சாதனையை, வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங் பொருத்திய, வீட்டில் செய்த சைக்கிள் முறியடித்தது!

● ஸ்காட்லாந்து வீரர் கிரேம் ஓப்ரி. நாள் 1993 ஜூலை 17. இடம் நார்வேயின் ஹாமர். தூரம் 51.596 கி.மீ. முந்தைய நாள் முயன்று தோற்றவர், மறுநாள் காலையிலேயே மீண்டும் ஏறி மிதித்தார். என்ன நெஞ்சுரம்!

● பேரிங் எதற்கு? பெடல் அச்சைக் குறுக்க. கால்கள் நெருங்கின. கைகளை மடக்கி மார்புக்கடியில் வைத்துக் குனிந்தார். காற்றில் மோதும் பரப்பு சுருங்கியது.

● ஆறே நாளில் பிரான்சின் போர்தோவில் இன்னொரு சைக்கிள் வீரர் கிறிஸ் போர்ட்மேன் 52.270 கி.மீ. ஓட்டி முந்தினார். 1994 ஏப்ரலில் அதே ஊரில் ஓப்ரி 52.713 கி.மீ. ஓட்டிச் சாதனையை மீட்டார். பிறகு அவர் அமரும் முறைக்கே தடை வந்தது.

● வேகம் இரட்டிப்பானால், காற்றைக் கிழிக்க மட்டும் 8 மடங்கு சக்தி வேண்டும். ஆடிக்காற்றை எதிர்த்து, புதுச்சேரியின் வீராம்பட்டினம் தேர்த்திருவிழாவுக்கு சைக்கிளில் போகிறவர்களின் தொடைக்கு இது தெரியும்.

● காற்றின் தடையைக் குறைக்க நீங்களே செய்த பாகத்தைச் சோதிக்க: காற்றில்லாத விடியலில், சமதளத்தில் முடியும் ஆள்நடமாட்டமில்லாத சரிவில், ஒரே இடத்திலிருந்து மிதிக்காமல் உருளுங்கள். பாகத்தோடு சில முறை, இல்லாமல் சில முறை. ஒவ்வொரு முறையும் சைக்கிள் நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். டயர் காற்று, உடை, குனியும் விதம் மாறக் கூடாது.