எட்டு மணிப் பந்தி

மாதச் சாப்பாட்டுக்கு நூறு பேரைச் சேர்த்துக்கொண்ட மெஸ்காரம்மா, நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் இலை போடுவதில்லை. கூடத்தில் இடமே முப்பது பேருக்குத்தான். ஒருவர் ஊருக்குப் போயிருப்பார். இன்னொருவர் ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்கு வருவார். இந்தக் கணக்கு பிசகாதவரை யாரும் பசியோடு எழுந்து போவதில்லை. தெருமுனை நெட்காரர் நடத்துவதும் ஒரு மெஸ்தான்.

இணையம் அவர் வயலில் விளைவதில்லை. பெரிய நிறுவனம் என்ற மண்டியில் மொத்தமாக எடுத்துச் சில்லறையாகப் பரிமாறுகிறார். 300 வீடுகளுக்கு ஆளுக்கு 100 எம்பிபிஎஸ் வேகம் விற்றால், ஏட்டுக் கணக்குப்படி 30 ஜிபிபிஎஸ் வேண்டும். அவ்வளவு வாங்கினால் கடையைச் சாத்த வேண்டியதுதான். எல்லோரும் படம் பார்க்கும் இரவிலும் வீட்டுக்குச் சராசரியாக 3 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 900 எம்பிபிஎஸ்தான் ஆகிறது. ஆகவே 1 ஜிபிபிஎஸ் எடுக்கிறார். இதை மோசடி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே 1 ஜிபிபிஎஸ்ஸில் 900 வீடுகளைச் சேர்ப்பதுதான் மோசடி. சாம்பாரில் ஒரு குடம் தண்ணீர். இரவு எட்டு மணிக்கு மேல், கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் திரையில் வட்டம் சுழலும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

எல்லாவற்றையும் மண்டியில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டோடு சுவர் மேல் கிண்ணம் மாற்றிக்கொள்வதுபோல, நிறுவனங்கள் உள்நாட்டுத் தரவை மாற்றிக்கொள்ள 2003இல் நிக்ஸி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. அடிக்கடி கேட்கப்படும் வீடியோக்களோ, முன்னாடியே ஆட்டி ஃப்ரிட்ஜில் வைத்த மாவு. கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் அதற்கான பெட்டிகளைப் பெரிய நிறுவனங்களின் கூடத்திலேயே வைத்திருக்கின்றன.

இனி பரிமாறும் வித்தை. நெட்காரர் அறையில் ஒளியை அனுப்பும் ஓஎல்டி பெட்டியிலிருந்து தெருவுக்கு ஒரே கண்ணாடி இழை. வழியில் ஸ்ப்ளிட்டர்கள் அந்த ஒளியைப் பிரிக்கின்றன. ஒரு செம்புப் பாலை இரண்டாக, அதை மறுபடி இரண்டாக என்று ஆறு முறை பிரித்தால் 64 பங்கு. பங்குக்குக் கிடைப்பது காபிக்குக்கூடக் காணாது. வீட்டுப் பெட்டிக்கு அந்தத் துளி போதும். ஜிபான் என்ற இந்த இழை முறையில் 64 வீடுகளும் பகிர்வது சுமார் 2.5 ஜிபிபிஎஸ். ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் குறைந்தது 3 டெசிபல் இழப்பு. தாங்கக்கூடிய மொத்த இழப்பே வழக்கமாக 28 டெசிபல்தான். பிரிப்பதிலேயே பெரும்பகுதி போய்விட, மிச்சத்தைத் தூரமும் இணைப்புகளும் தின்னும். இழையின் மூட்டு ஒன்றைச் சரியாகச் சேர்க்காமல் விட்டாலோ, கம்பி எங்காவது இறுக மடங்கினாலோ, கடைசி வீட்டில் சிவப்பு விளக்கு எரியும்.

இந்தத் தொழிலைத் தொடங்க உரிமம் வேண்டும். தொலைத்தொடர்புத் துறை தருகிறது. ஆனால் பலர் உரிமமுள்ள நிறுவனத்தின் கூட்டாளியாகி, வசூலில் பங்கு வாங்குகிறார்கள். பழைய கேபிள் டிவிக்காரர்கள் இதில் முந்திக்கொண்டது தற்செயல் அல்ல. எந்த மாடியில் கம்பி இழுக்க விடுவார்கள், எந்த வீட்டில் மூன்று மாதம் பாக்கி நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இயந்திரம் கடனில் கிடைக்கும். அந்தத் தெருப் பழக்கம் கிடைக்காது. கரண்ட் போன மழை இரவில் ஓஎல்டிக்கு பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதும் அந்த நெட்காரர்தான்.